விவரம் தெரிகிற வயதில் ஒரு நாவல்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் 7 பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். இவர் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் செய்து காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். உடன் மாமியாரும் ஒரே மகளும். மகள் ஊரிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழியில் 8ஆம் வகுப்பு முடித்திருக்கிறாள். நுழைவுத் தேர்வு எழுதி, காரைக்குடியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9ஆம் வகுப்புக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் வாங்கியிருக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று ஆசை.

சேர்க்கை நாளன்று பள்ளி ஓர் ஆங்கில நாவலைக் கையில் கொடுத்திருக்கிறது: ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஜூனில் வரும்போது முழுதும் படித்து, ஒரு வாசிப்புக் குறிப்பேடு எழுதிக் கொண்டுவர வேண்டும். முதல் வாரத்தில் அதைப் பற்றி வகுப்பில் 5 நிமிடம் பேச வேண்டும். உடன் வந்த தாளில் இது ஒரு 'கமிங் ஆஃப் ஏஜ்' நாவல் என்று போட்டிருந்ததாம். டியூஷன் எடுக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் அதை "வயசுக்கு வர்ற கதை" என்று சொல்லியிருக்கிறார். மகள் பெரியவளாகி 4 மாதம்தான் ஆகிறது. "இதையெல்லாமா கதையா எழுதிப் பிள்ளைக கையில குடுப்பாக?" என்று அப்பத்தா கொதித்துப் போயிருக்கிறார். அந்தத் தம்பி இணையத்தில் தேடி, கதையில் ஒரு 'கற்பழிப்பு வழக்கு' வருவதாகவும் சொல்லிவிட்டார். 6,000 ரூபாய் கொடுத்தால் 20 நாளில் நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்துவிடுவதாகச் சொல்கிறார். கணவர் போனில், "புத்தகத்தைத் திருப்பிக் கொடு, பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்த்துவிடு" என்கிறார்.

மகளோ 2 வாரத்தில் 9 பக்கம் படித்திருக்கிறாள். வரிக்கு வரி அகராதி. ஒரு நாள் புத்தகத்தின் மேலேயே தலைவைத்து அழுதிருக்கிறாள். மறுநாள் போனில் கதைச்சுருக்கத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவளை அம்மா பிடித்துவிட்டார். கடிதம் இப்படி முடிகிறது: "எனக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். எங்கள் பக்கம் புத்தகம் படிக்கிற பழக்கமும் கிடையாது. படித்து முடிக்காவிட்டால் சீட்டை எடுத்துவிடுவார்களா? இந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா? நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் அந்த 'வயசுக்கு வர்ற கதை'யைத் தீர்த்துவிடுவோம். வீட்டில் பாதிக் கலவரம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. தம்பி சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டார். நம் பேச்சில் வயசுக்கு வருவதென்றால் ஒரே பொருள்தான். ஆங்கிலத்தில் அந்தத் தொடர் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பொது. தன்னைச் சுற்றியிருக்கும் பெரியவர்களின் உலகம் எப்படி நடக்கிறது என்று ஒரு குழந்தைக்குப் புரிய ஆரம்பிப்பதைத்தான் அது சொல்கிறது. அதற்கு நம்மிடம் நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. "எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அந்த வீடு பூட்டித்தான் கெடக்கு" என்கிறோமே, அந்த விவரம். இது விவரம் தெரிகிற கதை என்று அப்பத்தாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கதை இதுதான். நாவல் வெளிவந்தது 1960இல். மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. ஆனால் கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூரில். சொல்பவள் ஸ்கவுட் என்ற பெண். தொடக்கத்தில் அவளுக்கு 6 வயதுகூட நிறையவில்லை, முடியும்போது 9ஐ நெருங்கியிருப்பாள். அவளுடைய அண்ணன் ஜெம். அம்மா இறந்துவிட்டாள். அப்பா அட்டிகஸ் ஒரு வக்கீல். வீட்டில் சமைத்து, பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பவள் கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண். கோடை விடுமுறைக்கு டில் என்ற பையன் பக்கத்து வீட்டுக்கு வருவான். அந்தத் தெருவில் எப்போதும் சாத்தியே கிடக்கிற வீடு ஒன்று. உள்ளே பூ ராட்லி என்ற மனிதர் இருக்கிறார், வெளியே வருவதே இல்லை. அவரைப் பற்றிப் பயங்கரமான கதைகள் உலவுகின்றன. அவரை எப்படியாவது வெளியே வரவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் மூன்று பிள்ளைகளுக்கும் விளையாட்டு.

பிற்பாதியில் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் மீது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய் வழக்கு வருகிறது. அவருக்காக வாதாடுபவர் அட்டிகஸ். பெண்ணின் முகத்தில் அடிபட்டது வலது பக்கம். அடித்தவன் இடக்கைக்காரனாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். டாமின் இடது கையோ சிறுவயதில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செயலற்றுப் போனது. நீதிமன்றத்தில் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். இருந்தும் ஜூரிகள் குற்றவாளி என்கிறார்கள். கறுப்பின மக்கள் உட்காரும் மாடத்தில் இருந்து ஜெம்மும் ஸ்கவுட்டும் அதைக் கேட்கிறார்கள். ஜெம் அழுகிறான். அவனுக்கு விவரம் தெரிகிற இடம் அது.

இவ்வளவு நேரம் தமிழில் சொன்னதால் கதை உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது.

இங்கிலீஷ் தெரியாத அம்மா செய்யக்கூடியது

பலகாரம் ஆறி, பாக்கெட் போட உட்காருகிறீர்களே, அந்த ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுங்கள். அன்று படித்ததை மகள் உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். நீங்கள் கையில் வேலையோடு கேளுங்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள். "அந்தப் பையன் எதுக்கு அப்படிச் செஞ்சான்?" என்று கேளுங்கள். "நேத்து வேற மாதிரி சொன்னியே" என்று மடக்குங்கள். பதில் தெரியாவிட்டால் அவளே எழுந்துபோய்ப் புத்தகத்தைப் புரட்டுவாள். அப்படித் தேடிப் படிக்கிற அரைப் பக்கம், மனப்பாடம் செய்கிற 10 பக்க நோட்ஸைவிட அவளிடம் நிற்கும்.

இதில் உங்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. ஆசிரியருக்குக் கதை தெரியும். அவர் கேட்டால் அது பரீட்சை, பிள்ளை பயந்துகொண்டே பதில் சொல்லும். உங்களுக்கு உண்மையாகவே கதை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்பது அவளுக்கும் தெரியும். பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக 20 ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறேன். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறி, அழாமல் தாக்குப்பிடித்த பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் இப்படிக் கேட்கிற ஒரு ஆள் இருந்தார். ஒரு பையனுக்கு அது கண் தெரியாத தாத்தா.

"தமிழில் யோசித்தால் இங்கிலீஷ் வராது, வீட்டிலும் இங்கிலீஷே பேசணும்" என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியில்லை. ஒரு விஷயம் தாய்மொழியில் புரிந்துவிட்டால் அதற்கு ஆங்கிலச் சொல் தேடுவது சின்ன வேலை. புரியாத விஷயத்தின் ஆங்கில வரிகளை மனப்பாடம் செய்வது வீண் வேலை. டியூஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோட்ஸுக்கு 6,000 ரூபாய் வேண்டாம். பணம் கொடுப்பதானால், வாரம் 2 நாள் மகளோடு உட்கார்ந்து அவள் தடுமாறும் பத்திகளை மட்டும் சேர்ந்து படிக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. இந்தக் கதையை நீங்கள் அந்நியமாக நினைக்கிறீர்கள். பூ ராட்லியின் வீட்டைப் பற்றி மகள் சொல்லும்போது உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் பெரிய வீடுகள், முன்வாசலில் பூட்டு, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றே தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை குலதெய்வம் கும்பிடவோ கல்யாணத்துக்கோ திறப்பார்கள். மற்ற நாளில் அந்த வீடுகளைப் பற்றிப் பிள்ளைகள் கட்டும் கதைக்குக் குறைவிருக்காது. மேகோம்ப் பிள்ளைகள் ராட்லி வீட்டைக் கடக்கும்போது ஏன் ஓடுகிறார்கள் என்று சென்னையில் வளரும் பிள்ளைக்கு விளக்க வேண்டும். உங்கள் மகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் பேசும் 5 நிமிடத்துக்கு அவள் இதையே எடுத்துக்கொள்ளலாம்: எங்கள் தெருவிலும் ஒரு பூட்டிய வீடு இருக்கிறது என்று ஆரம்பித்தால் போதும். எந்த நோட்ஸிலும் அது இருக்காது.

31 அத்தியாயம், 40 நாள்

உங்கள் கணக்குப்படி இன்னும் 40 நாள் இருக்கிறது. நாவலில் 31 அத்தியாயங்கள், மொத்தம் ஏறக்குறைய 1 லட்சம் சொற்கள். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். கொப்புடையம்மன் திருவிழாவுக்கும் பெரிய ஆர்டர் வரும் நாட்களுக்கும் விடுமுறை விட்டாலும் நேரம் இருக்கும்.

அவள் 9 பக்கத்தில் நின்றுபோனதற்குக் காரணம் அவளுடைய ஆங்கிலம் மட்டும் இல்லை. இந்த நாவலின் வாசலே கொஞ்சம் செங்குத்து. முதல் பத்தியிலேயே 'அஸ்வேஜ்டு' என்று ஒரு சொல் வரும், அடங்கியது, தணிந்தது என்று பொருள். பெரியவர்களே அகராதி பார்க்கிற சொல் அது. ஸ்கவுட் வளர்ந்த பிறகு சொல்கிற கதை என்பதால், குழந்தையின் கண்ணும் பெரியவரின் சொற்களும் கலந்து வரும். அடுத்து, முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பண்ணை என்று சில பக்கம் வம்சக் கதை ஓடும். நம் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், யார் வீடு என்று முதலில் விசாரிப்போமே, மேகோம்பிலும் அந்தப் பழக்கம் உண்டு. கதைக்கு அது வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டில்லைப் பிள்ளைகள் பார்க்கும் இடத்துக்கு நேரே போகச் சொல்லுங்கள். விட்ட பக்கங்களுக்குக் கடைசியில் திரும்பி வரலாம்.

அகராதியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். தெரியாத சொல்லின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான், மேலே போய்விட வேண்டும். அதே சொல் மூன்றாவது முறை வந்தால் பார்க்கட்டும். ஒரு பக்கத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது, யாருக்குக் கோபம் என்ற மூன்றும் தெரிந்தால் அந்தப் பக்கம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அமெரிக்காவின் தெற்குப் பகுதிப் பேச்சுவழக்கை இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழோடு ஒப்பிட்டால் என்ன ஆகும், அதுபோலத்தான் அது.

குறிப்பேட்டில் இடப்பக்கம் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். வலப்பக்கம் ஆங்கிலத்தில் 3 வாக்கியம், தப்போடு இருந்தாலும் அவளுடையதாக இருக்கட்டும். ஜூனில் ஆசிரியர் இடப்பக்கத்தையும் பார்க்கட்டும். அதை மறைக்க வேண்டியதில்லை.

போனில் பார்த்து எழுதியதற்காக அவளைத் திருட்டுப் பிள்ளையாகப் பார்க்காதீர்கள். மூச்சு முட்டியவள் கையில் கிடைத்த கயிற்றைப் பிடித்திருக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு விதி வையுங்கள்: அத்தியாயத்தைப் படித்து, உங்களிடம் சொல்லி முடித்த பிறகு சுருக்கத்தைப் பார்க்கலாம். தான் விட்டது எது என்று பார்த்துக்கொள்ள அப்போது அது உதவும். முன்னாலேயே பார்த்தால், பூ ராட்லி யார் என்ற ஆவல் போய்விடும். அந்த ஆவல்தான் 31 அத்தியாயத்தையும் இழுத்துக்கொண்டு போகிற கயிறு.

அந்த வழக்கைப் பற்றி

இதில்தான் உங்களுக்கு உண்மையான தயக்கம் என்று தெரிகிறது. கடிதத்தில் அந்த இடத்தில் பேனாவை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் சொல்லைப் பற்றி. 'கற்பழிப்பு' என்ற சொல்லை இப்போது பலரும் கைவிட்டுவிட்டோம். ஒருத்தியிடம் இருந்த ஏதோ அழிந்துபோனது போல, கறையைப் பாதிக்கப்பட்டவள் மேல் ஏற்றுகிற சொல் அது. நடந்தது குற்றம், குற்றம் செய்தவனுடையது. பாலியல் வன்கொடுமை என்று சொல்லுங்கள். மகள் முதன்முதலில் இதை உங்கள் வாயிலிருந்து கேட்கும்போது, சரியான சொல்லில் கேட்கட்டும்.

அப்புறம் புத்தகத்தைப் பற்றி. அந்தச் செயல் கதையில் காட்டப்படுவதில்லை, வழக்காகத்தான் வருகிறது. 12ஆம் அத்தியாயத்தில் ஸ்கவுட் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கல்பூர்னியாவிடம் கேட்கிறாள். அப்பாவிடம் கேள் என்று அவள் சொல்லிவிடுகிறாள். 14ஆம் அத்தியாயத்தில் அப்பாவிடமே கேட்கிறாள். அவர் கோபப்படவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. ஒரு வக்கீலாக, சட்டத்தில் இருக்கிறபடி ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். அதற்கு முன்பே, பிள்ளை எதையாவது கேட்டால் பதில் சொல்லிவிடு, சுற்றி வளைத்தால் பெரியவர்களைவிட வேகமாக அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அட்டிகஸ் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அதைவிட நல்ல யோசனை நான் சொல்லிவிட முடியாது.

13 வயதுப் பெண்ணுக்கு இந்தச் செய்தி புத்தகத்தால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். தினசரியில், பஸ்ஸில், போனில் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அங்கே அவள் தனியாகக் கேட்கிறாள், இங்கே நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். புத்தகத்தைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது: தாராளமாகக் கொடுக்கலாம். 17 முதல் 21 வரை உள்ள வழக்கு விசாரணை அத்தியாயங்களைப் படிக்கும் நாட்களில் மட்டும் பாக்கெட் போடும் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த நாட்களில் ஒன்றை நீங்கள் வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும், அதுவாகப் புரிந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் கதையில் அந்தப் பெண் மேயெல்லா சொல்வது பொய். அவளை அடித்தது அவள் அப்பன்தான் என்பது விசாரணையில் தெரியவருகிறது. ஊரே ஒதுக்கிய வீட்டில், பேச ஒரு ஆள் இல்லாமல் வளர்ந்தவள் அவள். இதைப் படிக்கிற சிறுமி, 'பெண்கள் இப்படிப் பொய்ப் புகார் சொல்வார்கள் போல, நமக்கு ஏதாவது நடந்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள்' என்று மனதுக்குள் முடிவுகட்டிவிடலாம். அது பெரிய ஆபத்து. அதனால் நேராகச் சொல்லுங்கள்: "உன்னை யாராவது தொந்தரவு பண்ணினா, அது யாரா இருந்தாலும், உறவா இருந்தாலும், வாத்தியாரா இருந்தாலும், எங்கிட்ட சொல்லு. நான் நம்புவேன்." 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் எல்லோரையும் பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது என்பதையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவளே கூப்பிடலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். புது ஊர், புதுப் பள்ளி, பஸ் பயணம் என்று புறப்படும் பிள்ளைக்கு இது எப்படியும் சொல்ல வேண்டியதுதான்.

கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல் நாவலில் பல இடத்தில் வருகிறது. அதனாலேயே அமெரிக்கப் பள்ளிகளில் இந்த நூலைப் பற்றிப் பலமுறை சர்ச்சை எழுந்திருக்கிறது. வகுப்பில் வாசிக்கும்போது அந்தச் சொல்லை உச்சரிக்காமல் கடந்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், சாதிப் பேரைச் சொல்லி ஒருவரைத் திட்டுவது எப்படி வலிக்குமோ அப்படி என்று சொன்னால் அவளுக்குப் புரியும்.

புரிந்தபின் அடுத்த கேள்வி வரும். "கறுப்பினத்தவங்க கோர்ட்டுல மேல தனியா உக்காரணுமாம்மா? நம்ம ஊர்லயும் அப்படித்தானே, நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் ஏன்?" உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி வரும். அப்பத்தாவும் அந்த நேரம் பக்கத்தில் இருப்பார். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி கோயில் தேர், யார் வடம் பிடிப்பது என்ற வழக்கால் பல ஆண்டு ஓடாமல் நின்று, 2024 ஜூனில் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு ஓடியதை உங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும். அந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிடாதீர்கள். பதில் உடனே தெரியாவிட்டால், "நானும் யோசிக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆனால் யோசித்துவிட்டு மறுநாள் நீங்களே பேச்சை எடுக்க வேண்டும். அவள் காத்திருப்பாள்.

சீட்டும் பள்ளியும்

படித்து முடிக்காவிட்டால் சீட்டை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். இந்த நாவல் சி.பி.எஸ்.இ. வாரியம் வைத்த பாடநூல் இல்லை, பள்ளி தானாகக் கொடுத்த விடுமுறை வாசிப்பு. 9ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 அகமதிப்பீட்டுக்கு. இதை மதிப்பெண்ணில் சேர்த்தாலும் அந்த 20க்குள் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். மகள் தமிழ் வழியில் படித்து வந்தவள், அவள் வேகத்தில் படிக்கிறாள், குறிப்பேட்டில் தமிழும் இருக்கும் என்று வகுப்பாசிரியருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி 10ஆம் வகுப்புவரை கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை, 8ஆம் வகுப்புவரைதான். தனியார் பள்ளியின் 25 சதவீத இடங்களும் தொடக்க வகுப்பில் சேர்வதற்கு உரியவை. ஆகவே உங்களுக்குக் கிடைத்திருப்பது பள்ளி கொடுக்கும் சலுகை மட்டுமே. அது 9ஆம் வகுப்புக்கு மட்டுமா, 12 வரையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெறும் மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020இல் கொண்டுவந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது. 9ஆம் வகுப்பில் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாறினால் இவை இரண்டும் கைவிட்டுப் போகும். டாக்டராக வேண்டும் என்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கணவர் சொன்ன காரணம் தவறு, ஆனால் அரசுப் பள்ளி என்று அவர் சொன்னதை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. கட்டணம், பயணம், ஆங்கில வழிப் பழக்கம், இந்த ஒதுக்கீடு எல்லாவற்றையும் வைத்து மூன்று பேரும் பேசி முடிவெடுங்கள். மகளையும் சேர்த்துத்தான் மூன்று பேர். ஒரு நாவல் கடினமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பள்ளியை மாற்றினால், தன்னால் முடியாததால்தான் வந்தோம் என்று அவள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருப்பாள். அரசுப் பள்ளிக்கே போவதாக முடிவானாலும் அவள் இந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்கட்டும்.

கணவரைப் பற்றி. அவர் 'கற்பழிப்பு வழக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறார், பயந்துவிட்டார். வாரம் ஒரு முறை மகள் அந்த வாரக் கதையை வாய்ஸ் மெசேஜாக அவருக்கு அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை ரூமில் படுத்துக்கொண்டு கேட்பார். மூன்றாவது வாரம் அவரே "அந்த வக்கீல் என்ன ஆனார்?" என்று கேட்பார் என்று எதிர்பார்க்கிறேன். அப்பத்தாவுக்கு 11ஆம் அத்தியாயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கும் நோயாளிக் கிழவி ஒருத்தியின் பூச்செடிகளை ஜெம் வெட்டிவிடுகிறான், அதற்குத் தண்டனையாக ஒரு மாதம் தினமும் அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டி வருகிறது. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அவள் இறந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அப்பத்தாவுக்கு அது பிடிக்கும்.

எங்கள் பக்கம் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது என்று நீங்கள் எழுதிய வரியை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார், தன் வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் பிறவும் சுமார் 1 லட்சம். அவை இன்று சென்னையில் அவர் பேரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. 1939 முதல் காரைக்குடியில் கம்பன் விழா நடக்கிறது. ராமாயணம் கேட்க மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, கதை கேட்கத் தெரிந்தவர்கள். பள்ளி திறந்ததும் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வளர்தமிழ் நூலகத்துக்கு மகளோடு ஒரு நாள் போய்வாருங்கள்.

நாளைக்கே டில் வரும் இடத்திலிருந்து தொடங்கினால், சில நாளில் 3ஆம் அத்தியாயம் வந்துவிடும். வால்டர் என்ற ஏழைப் பையனை ஜெம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருகிறான். அவன் காய்கறி, கறி எல்லாவற்றின் மேலும் பாகை ஊற்றிக்கொள்கிறான். ஸ்கவுட் அதைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுகிறாள். கல்பூர்னியா அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கடுமையாகத் திட்டுகிறாள். அன்று அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. விருந்தாளியிடம் அப்படிக் கேட்டது சரியா, கல்பூர்னியா திட்டியது சரியா என்று முதலில் மகள் சொல்லட்டும். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.